ஒரே மூட்டையின் இரண்டு பங்காளிகள்: சிட்டுக்குருவியும் சுண்டெலியும்

மாமாவின் தானிய மண்டியில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, மூட்டைகளைச் சுற்றிவந்து பார்ப்பதுதான். பள்ளி விடுமுறையில் அந்தப் பொறுப்பு என்னுடையது. மேலடுக்கில், தையல் விட்ட மூட்டையின் வாயருகே நெல் சிதறி, உமி மட்டும் இரண்டாகப் பிளந்து கிடந்தால் அது குருவியின் வேலை. கீழடுக்கில் சாக்கின் மூலை ஓட்டையாகி, அதனடியில் சணல் தூளும் நொய்யும் மாவுமாகக் குவிந்திருந்தால் எலி. எச்சத்தைப் பார்த்தால் சந்தேகமே மிஞ்சாது. குருவியின் எச்சத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளை முனை இருக்கும். எலிப்புழுக்கை அரிசியைவிடச் சிறிய கறுப்புக் குச்சி. முதலாவதைப் பார்த்தால் மாமா சும்மா விட்டுவிடுவார். இரண்டாவதைப் பார்த்தால் பொறியைத் தேடுவார். இருவர் தின்றதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். திருட்டிலும் அழகாகக் கூவுகிறவனுக்குத் தனிச் சலுகை போலும்.

அந்த இரண்டு தடயங்களிலிருந்தே பறவைக்கும் கொறிவிலங்குக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள முடியும். அதற்கு முன்னால், எந்த எலி என்பதில் ஒரு தெளிவு வேண்டும். நாம் பொதுவாக ‘எலி’ என்று சொல்லுவதில் பல உருப்படிகள் அடக்கம். ஓட்டின்மேல் ஓடும் பெரிய கறுப்பு வீட்டெலி வேறு, சாக்கடையோரப் பெருச்சாளி வேறு. நீண்ட மூக்கோடு சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு கொறிவிலங்கே இல்லை. அது பூச்சி தின்னும் வேறொரு குடும்பம். மதிலில் ஓடும் அணிலோ முழுக் கொறிவிலங்கு. இங்கே பேசுவது சுண்டெலியைப் பற்றி மட்டும். உள்ளங்கையில் அடங்கும், அலமாரி டிராயரில் பழைய துணியைக் கிழித்துக் கூடு கட்டும் அந்தச் சின்ன எலி.

அதை எடுத்துக்கொள்ளக் காரணம் தராசு. வளர்ந்த சுண்டெலி ஒன்று 20 கிராம் அளவில் நிற்கும். ஊட்டமானது 30 கிராம் தொடும். சிட்டுக்குருவியும் அதே கணக்குதான். உயிர்களை ஒப்பிடும்போது இது முக்கியம். யானையையும் குருவியையும் ஒப்பிட்டால் எந்த வேறுபாடு உருவத்தால் வந்தது, எந்த வேறுபாடு குலத்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. இதயத் துடிப்பு, பசி, ஆயுள் எல்லாமே உடல் எடையைப் பொறுத்து மாறுகிறவை. எடையைச் சமமாக வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் கழிந்துபோகும். இந்த இருவர் விஷயத்தில் எடை மட்டுமல்ல, வீடும் ஒன்று, தீனியும் ஒன்று. இவ்வளவு வசதியான ஜோடி கிடைப்பது அரிது.

மனிதரை ஒட்டி வாழத் தொடங்கிய கதையும் இருவருக்கும் ஒரே திசையிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரைப் பகுதியில், உழவு தொடங்கும் முன்பே மனிதர்கள் ஓரிடத்தில் தங்கத் தொடங்கிய காலத்தில், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்னரே, சுண்டெலி குடிசைக்குள் புகுந்துவிட்டது. அங்கே கிடைத்த எலிப் பற்களை வைத்து அறிஞர்கள் இதைக் கணித்திருக்கிறார்கள். சிட்டுக்குருவி கொஞ்சம் தாமதம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன், தானிய விவசாயம் பிறந்த காலத்தை ஒட்டி அது நம்மோடு சேர்ந்தது என்று அதன் மரபணுக்கள் காட்டுகின்றன. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவிலும் மண்டையோட்டின் வடிவத்தோடு தொடர்புள்ள மரபணுவிலும் வீட்டுக் குருவியிடம் மாற்றம் இருக்கிறது. மத்திய ஆசியாவில் அதன் நெருங்கிய உறவு ஒன்று இன்றும் மனிதரை அண்டாமல், பருவத்துக்குப் பருவம் வலசை போய்க்கொண்டிருக்கிறது. நெல்லுக்கு ஆசைப்படாத கிளை அது.

தமிழில் இதற்குப் பழைய சாட்சி உண்டு. குறுந்தொகையின் 46-ஆம் பாட்டில் வரும் குருவிக்கு ‘மனை உறை குரீஇ’, அதாவது வீட்டில் வாழும் குருவி, என்றே பெயர். அது முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது, மன்றத்து எருவின் பொடியில் குடைந்து ஆடுகிறது, வீட்டு இறவாணத்தில் குஞ்சுகளோடு உறங்குகிறது. இன்றைக்கு ஒரு பறவையியல் மாணவர் குறிப்பேட்டில் எழுத வேண்டியதும் இதேதான்: உணவு, மண்குளியல், கூடு.

இனி அந்தத் தடயங்களுக்கு வருவோம். குருவிக்குப் பல் கிடையாது. நெல்லை அலகின் விளிம்பில் குறுக்காக வைத்து, நாக்கால் உருட்டி உருட்டி உமியை உடைக்கிறது. இதற்கென்றே அதன் நாக்கில் கூடுதலாக ஒரு சிறு எலும்பு இருக்கிறது. விதையை அழுத்திப் பிடிக்க நாக்கு விறைப்பாக நிற்க வேண்டுமல்லவா. உமி கீழே விழும், அரிசி முழுதாக உள்ளே போகும். மெல்லும் வேலை வயிற்றில் நடக்கிறது. கோழிக்கறி வாங்கும்போது ஈரலோடு சேர்த்துத் தருவார்களே கெட்டியான ஒரு தசை உருண்டை, அதுதான் அரைவைப்பை. குருவி விழுங்கிய பொடிக்கற்கள் அதற்குள் கிடந்து, அம்மியும் குழவியுமாக அரிசியை அரைக்கின்றன. மண் தரையில் குருவி எதையோ கொத்துகிறது, ஆனால் அங்கே தானியம் எதுவும் இல்லை என்றால், அது கல் பொறுக்குகிறது என்று கொள்ளலாம். பல்லும் கனத்த தாடையும் தலையில் இருந்தால் பறக்கும்போது முன்பக்கம் பாரம். அரைக்கும் கருவியை உடலின் நடுவுக்குக் கொண்டுபோய்விட்டால் எடை சமநிலையில் நிற்கும்.

எலியின் வாயமைப்பு இதற்கு நேர்மாறு. மொத்தம் 16 பற்கள். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வெட்டுப்பற்கள், பின்னால் 12 கடைவாய்ப் பற்கள், நடுவே வெற்றிடம். வெட்டுப்பல்லின் முன்முகத்தில் மட்டும் கடினமான எனாமல் பூச்சு, பின்பக்கம் அதைவிட மென்மையான பொருள். கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் வேகமாகத் தேய்ந்து, முன் விளிம்பு உளியின் வாய்போலக் கூராகவே இருக்கும். தச்சர் உளியைத் தீட்டும் வேலை இங்கே தானாக நடக்கிறது. வேர் மூடாத பல் என்பதால் சாகும்வரை வளர்ந்துகொண்டும் இருக்கும். தேய்க்காவிட்டால் வாய்க்குள்ளேயே வளைந்து வளர்ந்து தீனி எடுக்க முடியாமல் போய்விடும். அந்த வெற்றிடத்துக்கும் ஒரு வேலை உண்டு. எலி அங்கே உதட்டை உள்ளிழுத்து வாயை மூடிக்கொள்ளும். பல் வெளியே கொறிக்கும், தூள் எதுவும் உள்ளே போகாது. மண்டியில் சாக்கு மூலையடியில் சணல் தூள் குவிந்திருந்ததே, அது இந்த உதட்டுக் கதவு தடுத்து வெளியே தள்ளியது.

எச்சத்தின் வெள்ளை முனைக்கு இன்னொரு கதை. உடலில் புரதம் உடையும்போது வரும் நைட்ரஜன் கழிவை எலியும் நாமும் யூரியாவாக்கி, தண்ணீரில் கரைத்துச் சிறுநீராக விடுகிறோம். குருவி அதை யூரிக் அமிலமாக்குகிறது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. வெள்ளைப் பசையாகி, அதே வாசல் வழியாக மலத்தோடு சேர்ந்து வெளியேறும். சிறுநீர்ப் பை தேவையில்லை, அதில் தண்ணீர் சுமக்கவும் தேவையில்லை. முட்டைக்குள் அடைபட்ட குஞ்சுக்கும் இது வசதி. கழிவு கரைந்து நஞ்சாகாமல் ஓரமாகப் படிந்து கிடக்கும். எலிக்குட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. தாயின் இரத்தம் கழிவை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. எலிக்குச் சிறுநீர் வெறும் கழிவும் அல்ல. போகும் வழியெல்லாம் துளித்துளியாக விட்டுச்செல்லும் அந்த வாடைதான் அதன் பெயர்ப்பலகை, முகவரி, திருமண விளம்பரம் எல்லாம்.

மூச்சு விடுவதில்தான் இருவரும் வெகுதூரம் பிரிகிறார்கள். எலியின் நுரையீரல் நம்முடையதைப்போலத் துருத்தி: காற்று வந்த வழியே திரும்பிப் போகும், ஒவ்வொரு மூச்சிலும் பழைய காற்று கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். குருவியின் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. உடல் முழுக்கப் பரவிய காற்றுப்பைகள்தான் துருத்தி. அவை தள்ளும் காற்று நுரையீரலின் நுண்குழாய்களில் ஒரே திசையில் ஓடுகிறது. உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதிய காற்றே நுரையீரலைத் தொடுகிறது. சிறகடித்து மேலே எழும்ப வேண்டிய உடலுக்கு இந்த வசதி இல்லாமல் தீராது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சிட்டுக்குருவியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், எலிக்கு 37 அளவில். குருவியின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு, எலிக்கு இல்லை. குருவியின் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வலப்பக்கம் வளைகிறது, எலிக்கு இடப்பக்கம். இருவரின் பொது மூதாதை சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பல்லியைப்போல் தோன்றக்கூடிய ஒரு பிராணி. வெப்ப இரத்தமும் நான்கு அறை இதயமும் பிரிந்த பிறகு தனித்தனியே வந்து சேர்ந்தவை. பாட்டுக்கூட அப்படித்தான். குருவி மட்டும்தான் பாடும் என்று நினைக்க வேண்டாம். ஆண் சுண்டெலி பெண்ணைக் கண்டால் பாடும். அது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறது, அவ்வளவுதான். மாமாவுக்கு அந்தப் பாட்டு கேட்டிருந்தால் பொறியைத் தேடியிருப்பாரா தெரியாது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம்: ஆயுள்.

சுண்டெலி மூன்று வாரம் சுமந்து, ஐந்தாறு குட்டி போடுகிறது. குட்டி போட்ட கையோடு மறுபடியும் கருத்தரிக்கும். குட்டிகள் ஆறேழு வாரத்தில் தாங்களே கருத்தரிக்கத் தயார். சிட்டுக்குருவி ஒரு தடவைக்கு நான்கைந்து முட்டை, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை. குஞ்சு அடுத்த ஆண்டுதான் பெற்றோராகும். தானியம் தின்னும் பறவை என்றாலும் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பறந்து கொண்டுவந்து ஊட்ட வேண்டும். எலியிடம் பால் இருக்கிறது. தாய் எதைத் தின்றாலும், தீப்பெட்டி ஓரப் பசையே ஆனாலும், குட்டிக்கு அது பாலாக வந்துவிடும்.

காட்டிலும் வீட்டிலும் சுண்டெலி ஓராண்டைத் தாண்டுவதே அபூர்வம். பூனையும் பொறியும் இல்லாத கூண்டில், நல்ல தீனியோடு வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு. சிட்டுக்குருவியில் டென்மார்க்கில் காலில் வளையம் மாட்டிய ஒன்று 19 வயதைத் தாண்டியிருக்கிறது. கூண்டில் 23 ஆண்டு வாழ்ந்த ஒன்றும் உண்டு. இங்கே புதிதாகப் படிப்பவர்கள் ஒரு பிழை செய்வார்கள். குருவியின் சாதனையை எலியின் சராசரியோடு வைத்துப் பேசுவது நியாயமில்லை. பெரும்பாலான குருவிக் குஞ்சுகளும் முதல் ஆண்டிலேயே செத்துப்போகின்றன. கூண்டை கூண்டோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும் குருவியின் உச்சம் எலியுடையதைப்போலப் பல மடங்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால் கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும். குருவியின் உடல் அதிகச் சூட்டில் எரிகிறது. பறவைகளின் இரத்தச் சர்க்கரை, அதே எடையுள்ள பாலூட்டியுடையதைவிட வெகு அதிகம். அந்த எண்ணை நம் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்தால் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். வேகமாக எரியும் திரி சீக்கிரம் கரியும் என்ற பழைய எண்ணப்படி குருவிதான் முதலில் போக வேண்டும். போகவில்லை.

காரணத்தை 1952-இல் பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் ஒரு யோசனையாக முன்வைத்தார். எளிமையாகச் சொன்னால் வாடகை வீட்டுக் கணக்கு. மூன்று மாதத்தில் காலி செய்யப்போகும் வீட்டுக்கு யாரும் கிரானைட் தரை போடுவதில்லை. பூனை, பாம்பு, ஆந்தை என்று எந்த நேரமும் சாவு காத்திருக்கும் எலியின் வாழ்க்கையில், முதுமை வரை உடலைப் பழுதுபார்க்கும் திறமை வாய்த்திருந்தாலும் அதைப் பயன்படுத்தும் வயதுக்கு எலி வருவதே இல்லை. ஆகவே இயற்கைத் தேர்வு அந்தத் திறமையைக் கண்டுகொள்வதில்லை. சீக்கிரம் வளர், சீக்கிரம் பெறு என்பதையே கண்டுகொள்கிறது. குருவியால் பறந்து தப்ப முடியும். தப்பினால் அடுத்த ஆண்டும் முட்டையிடலாம். அதன் உடலைப் பராமரிப்பதில் லாபம் இருக்கிறது. புறாவையும் அதே எடையுள்ள பெரிய எலியையும் வைத்துச் செய்த சோதனைகளில், உயிரணுக்களின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் தீங்கான பொறிகள் புறாவிடம் குறைவு என்று தெரியவந்தது. அடுப்பு பெரிதுதான், ஆனால் புகை குறைவு.

பறப்பதால்தான் இப்படியா, பறவை என்பதால்தான் இப்படியா? இதற்கு வெளவாலைக் கேட்க வேண்டும். அது பாலூட்டி, எலியின் அளவு, ஆனால் பறக்கும். சைபீரியாவில் ஏழு கிராம் எடையுள்ள ஒரு வகை வெளவால் 41 ஆண்டு வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. சரி, பறப்பதுதான் ரகசியம் என்று முடித்துவிடலாம் என்றால், கிழக்கு ஆப்பிரிக்காவின் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கொறிவிலங்கு குறுக்கே வருகிறது. மயிரற்ற தோலும் துருத்திய பல்லுமாக, பார்க்கச் சகிக்காத அந்த வளைவாழ் எலி சுமார் 35 கிராம்தான். 30 ஆண்டுக்கு மேல் வாழ்கிறது. அதற்குச் சிறகில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க நிலத்தடிச் சுரங்கத்தில் கூட்டமாக இருப்பதால் பருந்தும் பூனையும் எட்டுவதில்லை. ஆக, சிறகு ஒரு வழி. சுரங்கம் இன்னொரு வழி. சாவு வெளியிலிருந்து எவ்வளவு அடிக்கடி வந்து கதவைத் தட்டுகிறது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தைச் சீனா பார்த்தது. 1958-இல் அங்கே நான்கு கேடுகளை ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது: எலி, ஈ, கொசு, குருவி. அந்தக் குருவி நம் சிட்டுக்குருவியின் ஒன்றுவிட்ட உறவான மரச்சிட்டு. மக்கள் தெருவில் இறங்கித் தட்டும் முரசும் அடித்து, குருவிகள் எங்கும் உட்கார முடியாமல் விரட்டி, களைத்து விழச் செய்தார்கள். குருவி கணக்கில்லாமல் மடிந்தது. அதன் குஞ்சுகள் தின்ன வேண்டிய பூச்சிகள் பயிரில் பெருகின. 1960-இல் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். எலி பட்டியலிலேயே இருந்தது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை வளரும் உயிரை மொத்தமாக அடித்தால் எழுந்து நிற்க நாளாகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை வளரும் உயிரைப் பாதி அடித்தாலும் அடுத்த மழைக்குள் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்கள் கதை பழமொழியில் மட்டும் இல்லை.

நம் நகரங்களில் சிட்டுக்குருவி குறைந்ததற்குக் கைப்பேசிக் கோபுரமே காரணம் என்று அடிக்கடி சொல்லுகிறார்கள். அது நிறுவப்படவில்லை. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதுமாகப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. குஞ்சுக்குப் பூச்சி கிடைக்கும் செடிகொடிகள் இல்லாததும் கூடு கட்டப் பொந்து இல்லாததும் கோபுரத்தைவிட நம்பத்தக்க காரணங்கள் என்பது என் எண்ணம். பொந்து விஷயத்தில் இரண்டு எண்களை மட்டும் சொல்லுகிறேன். குருவிக்குக் கூட்டுப்பெட்டி செய்பவர்கள் வாசலை 32 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளைக்கிறார்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும்; மண்டையோடு நுழைந்தால் உடல் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஓட்டுக்கூரையும் இறவாணமும் போய்க் கான்கிரீட் வந்தபோது 32 மில்லிமீட்டர் சந்துகள் அடைபட்டன. 6 மில்லிமீட்டர் சந்து இல்லாத வீட்டை இன்னும் எந்தக் கொத்தனாரும் கட்டவில்லை.

மாமாவின் மண்டியும் இப்போது கான்கிரீட் தளம் போட்ட கட்டடம். காற்றுப்போக்கிக்கு வலை அடித்தாகிவிட்டது, மேலடுக்கில் உமி கிடப்பதில்லை. ஷட்டர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு மூலை மட்டும் நெளிந்து, பென்சில் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. காலையில் முதல் வேலை இன்னும் அதேதான். கீழடுக்கை மட்டும் பார்த்தால் போதும்.